கூளையனுக்கு யார் வைத்த பெயர்?

கோவையில் ஆர்.எஸ்.புரத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை. ஆட்டோக்காரரிடம் அந்த இரண்டெழுத்தைச் சொன்னால் போதும். அந்த எழுத்துகளுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். கோவை நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்தது ரத்தினசபாபதிபுரம். நாளடைவில் அது ஆர்.எஸ்.புரமாகச் சுருங்கிவிட்டது. அதன் உள்ளே போனால் திவான் பகதூர் சாலை, கௌலி பிரவுன் சாலை, டி.வி.சாமி சாலை. எல்லாமே மனிதர்களின் பெயர்கள், பட்டங்கள். ஊர் தன் பெரியவர்களை இப்படித்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது.

விடியுமுன்னே இந்தச் சாலைகளைக் கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலானவர்கள் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். கொங்குக் கிராமங்களில் அந்தச் சமூகத்தாரை மாதாரி என்றழைப்பது வழக்கம். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் அந்தச் சொல்லைத்தான் தலைப்பில் தாங்கி 2000ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடு மேய்க்கும் ஒரு சிறுவனின் கதை அது. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஹார்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலுக்குக் கொங்கு மண்ணில் ஓர் இணை தேடினால் முதலில் கையில் வரவேண்டிய புத்தகம் இதுவே. இரண்டும் பால்யத்தைப் பேசுகின்றன. இரண்டிலும் பிறப்பின் பேரால் நடக்கும் அநீதி இருக்கிறது. ஆனால் இரண்டும் பிள்ளைகளை உட்கார வைக்கும் இடம் வேறு வேறு. அந்த வேறுபாட்டில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

முதலில் லீயின் நாவல். அலபாமா மாநிலத்தின் மன்றோவில் என்ற சிற்றூரில் 1926இல் பிறந்தவர் ஹார்பர் லீ. அப்பா வழக்கறிஞர். 1960 ஜூலையில் வெளிவந்த நாவல் அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது, 1962இல் படமானது. கதை நடப்பது 1930களில், மேகாம்ப் என்ற கற்பனை ஊரில். ஸ்கவுட் என்ற சிறுமி கதை சொல்கிறாள். அவளுடைய அப்பா அட்டிகஸ் பின்ச், டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவருக்காக வாதாடுகிறார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றச்சாட்டு. டாம் குற்றமற்றவர் என்பது விசாரணையில் வெட்டவெளிச்சமாகிறது. ஆனாலும் வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்கிறது. பிறகு சிறையிலிருந்து தப்ப முயன்றதாகச் சொல்லி அவரைச் சுட்டுக் கொல்கிறார்கள். லீ இதை வெறும் கற்பனையில் எழுதவில்லை. 1931இல் அதே அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கில் ஒன்பது கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும் இதே வகைக் குற்றச்சாட்டில் கூண்டில் நின்றார்கள்.

அட்டிகஸ் தன் மகளுக்குச் சொல்லித்தரும் பாடம் ஒன்றுதான்: அடுத்தவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்காமல் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதே. வகுப்பறைகளில் இந்த நாவலைப் படிக்கும் பிள்ளைகள் முதலில் அடிக்கோடிடுவது இந்தப் பாடத்தைத்தான். நல்ல பாடம். ஆனால் அதைச் சொல்பவர் ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் வெள்ளைக்கார வழக்கறிஞர். கேட்பவள் அவருடைய மகள். டாம் ராபின்சனுக்கும் பிள்ளைகள் உண்டு. நாவல் அவர்களை ஓரிரு கணம் எட்டிப் பார்ப்பதோடு சரி. அப்பனைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள்? அவர்களுக்கு யார், என்ன பாடம் சொன்னார்கள்? நாவலில் விடை இல்லை. அமெரிக்காவிலேயே இந்தக் கேள்வி இப்போது உரக்க எழுகிறது. 2017இல் மிசிசிப்பியின் பிலாக்சி நகரப் பள்ளிகள் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இந்நாவலை நீக்கியபோது அதன் மொழி மாணவர்களைச் சங்கடப்படுத்துகிறது என்றார்கள். நீக்கியது தவறு என்பதே இக்கட்டுரையின் நிலை. ஆனால் விடுபட்ட பிள்ளைகளைப் பற்றிய கேள்வி நியாயமானது.

‘கூளமாதாரி’ அந்த விடுபட்ட பிள்ளையிடமிருந்தே தொடங்குகிறது.

கூளையன் கவுண்டர் ஒருவரின் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட பையன். அவன் அப்பன் வாங்கிய கடனுக்கு அவன் உழைக்கிறான். அவனைப் போலவே அக்கம்பக்கத்துக் காடுகளில் மேய்க்கும் பிள்ளைகள் நெடும்பன், வவுறி, செவிடி. பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குள்ளமாக இருப்பவன் கூளையன். நெட்டையன் நெடும்பன். வயிறு பெருத்தவள் வவுறி. காது மந்தமானவள் செவிடி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்களா இவை? உடம்பில் கண்ணுக்குப் பட்டதை, குறையாகத் தெரிந்ததை, ஊர் பெயராக்கி அவர்கள் மேல் ஒட்டிவிட்டது. கூப்பிட்டால் ஓடிவர வேண்டும், அதற்கு ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான். ஸ்கவுட் என்பதும் பட்டப்பெயர்தான். ஆனால் ஜீன் லூயிஸ் பின்ச் என்ற முழுப் பெயர் அவளுக்காக ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பள்ளிப் பதிவேட்டிலும் காத்திருக்கிறது. கூளையனுக்கு அப்படி எந்தப் பதிவேடும் இல்லை. அவன் பள்ளிக்கூடமே போனதில்லை. 2004இல் வ. கீதா இந்நாவலை ‘சீசன்ஸ் ஆஃப் தி பாம்’ என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது (தாரா புக்ஸ் வெளியீடு) இந்தப் பெயர்களை ஒலி பெயர்க்காமல் பொருளையே பெயர்த்தார். பெயர்தான் கதை என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். மறு ஆண்டு அந்த மொழிபெயர்ப்பு கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

பெருமாள்முருகன் 1966இல் திருச்செங்கோட்டை ஒட்டிய சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆடு மாடுகளோடும் மேட்டாங்காட்டோடும் பால்யம் கழிந்தவர். அதனால்தான் அவருடைய எழுத்தில் வெயிலுக்கு நிறமும் பனைக்குக் குணமும் இருக்கின்றன. நாவலைத் திறந்தால் முதலில் தாக்குவது சோகம் அல்ல, சந்தோஷம். நுங்கு, பனங்கிழங்கு, கிணற்றில் குதித்து அடிக்கும் நீச்சல், மேய்ச்சல் காட்டின் விளையாட்டுகள், ஆடுகள் ஒவ்வொன்றின் சேட்டை. கூளையனுக்கு ஆடுகளின் மனசு தெரியும். எது சீண்டினால் முட்டும், எது மறைவாகப் போய்ப் பயிரில் வாய் வைக்கும், எதற்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அடுத்த உயிரின் நிலையில் நின்று பார்க்கும் பாடத்தை அவனுக்கு எந்த அப்பாவும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. மேய்ப்பின் தேவையிலிருந்து, தனிமையிலிருந்து, அவனாகவே கற்றுக்கொண்டான். அட்டிகஸின் பாடத்தை அவன் ஆட்டுக்குட்டிகளிடம் தினமும் கடைப்பிடிக்கிறான். மனிதர்கள்தான் அதை அவனுக்குத் திருப்பித் தருவதில்லை.

இந்தப் பண்ணைய முறை எப்படி இயங்கியது என்று சொல்லாமல் கதையின் கனம் விளங்காது. நிலமில்லாத குடும்பத்துக்குக் கல்யாணம், காய்ச்சல், சாவு என்று ஒரு செலவு வரும். பண்ணையக்காரரிடம் பணம் வாங்குவார்கள். ஈடாகப் பிள்ளையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ விடுவார்கள். வருசத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. சோறு அங்கேயே, அதுவும் வாசலுக்கு வெளியே, தனிப் பாத்திரத்தில். படுக்கை ஆட்டுப்பட்டியில். கூலி பிள்ளையின் கைக்கு வருவதே இல்லை. கணக்கில் கழியும், அல்லது அப்பன் வந்து வாங்கிப் போவான். ஓடிப்போனால் பிடித்துக்கொண்டு வந்து விடுவதும் அதே அப்பன்தான், வேறு வழி தெரியாமல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. பெருமாள்முருகனுக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. கூளையன் வயதுதான், ஏறக்குறைய. முன்பணம் கொடுத்து ஒருவரின் உழைப்பையும் நடமாட்டத்தையும் கட்டிப்போடுவதே கொத்தடிமை என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. காட்டுக்குள் அந்தச் சட்டம் எப்போது வந்து சேர்ந்தது என்பதை ஆடு மேய்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பண்ணையக்காரரின் மகன் செல்வன். கூளையனுக்கு வயதொத்தவன். பள்ளிக்கூடம் போகிறவன். காட்டுக்கு வரும்போது இருவரும் சேர்ந்தே திரிகிறார்கள். சிரிப்பு ஒன்று, வெயில் ஒன்று, பனை ஒன்று. சில பக்கங்களில் இவர்கள் நண்பர்களேதான் என்று நாமும் நம்பிவிடுகிறோம். பெருமாள்முருகன் அந்த நம்பிக்கையை அவசரப்பட்டு உடைக்காததுதான் நாவலின் பெரிய சாதனை. ஆனால் விளையாட்டில் ஒரு சிறு பிணக்கு வந்தால் போதும், செல்வனின் குரல் மாறுகிறது. வரப்பு தெரிந்துவிடுகிறது. தான் யார் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் வீட்டு வாசல், அவன் வீட்டுச் சொம்பு, அவன் அப்பனின் அதட்டல் எல்லாமே சொல்லித்தருகின்றன. கூளையன் வளர்வது என்றால் தன் எல்லையை அறிவது. செல்வன் வளர்வது என்றால் தன் அதிகாரத்தை அறிவது. பால்யம் கடந்து வளர்வது பற்றிய நாவல்கள் பலவும் ஒரு பிள்ளையின் வளர்ச்சியைத்தான் காட்டும். இங்கே ஒரே காட்டில் இரண்டு பிள்ளைகள் எதிரெதிர்த் திசையில் வளர்கிறார்கள்.

கிணறு இந்த நாவலில் இரண்டு முறை நினைவில் தங்கும். பிள்ளைகள் குதித்து நீந்தும் கிணறு ஒன்று. திருட்டுக் குற்றத்துக்காகக் கூளையனைக் கட்டித் தொங்கவிடும் கிணறு இன்னொன்று. மேகாம்பில் அநீதிக்கு நீதிமன்றம் என்ற மேடை இருந்தது. சாட்சி, வாதம், எதிர்வாதம் எல்லாம் நடந்தன. மேல்மாடத்தில் கறுப்பினத்தாரோடு உட்கார்ந்து ஸ்கவுட்டும் அண்ணன் ஜெம்மும் பார்த்தார்கள். தோற்றாலும் வாதாட ஒருவர் இருந்தார். கூளையனுக்கு வழக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. பண்ணையக்காரரே புகார் கொடுப்பவர், விசாரிப்பவர், தண்டிப்பவர். நாவலின் முடிவை இங்கே சொல்லிவிடுவது வாசகருக்குச் செய்யும் துரோகம். கூளையனையும் செல்வனையும் கடைசியாக ஓரிடத்தில் நிறுத்தும் அந்தப் பக்கங்களைத் தாமே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

லீயின் நாவலில் ஒரு சின்னக் காட்சி உண்டு. விசாரணையின்போது அரசு வழக்கறிஞர், வளர்ந்த ஆளான டாமைப் ‘பையா’ என்ற தோரணையில் ஏளனமாக விளித்துக் கேள்வி கேட்பார். ஸ்கவுட்டின் தோழன் டில் அதைத் தாங்க முடியாமல் அழுதுவிடுவான். கொங்கு வாசகர்களுக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவையில்லை. அறுபது வயது மாதாரியைக் கவுண்டர் வீட்டு ஆறு வயதுப் பிள்ளை பேர் சொல்லி, வாடா போடா என்று கூப்பிடுவதும், பெரியவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ‘சாமி’ என்று பதில் சொல்வதும் நம் கிராமங்களில் வெகுகாலம் நடைமுறையாக இருந்தன. டில் அழுதான். இங்கே எத்தனை பிள்ளைகள் அழுதிருப்பார்கள்? அழ வேண்டிய விஷயம் இது என்று எந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. பின்ச் வீட்டுச் சமையலறை கால்பூர்னியா என்ற கறுப்பினப் பெண்ணின் கையில் இருக்கிறது. அவள் சமைத்ததைத்தான் ஸ்கவுட் சாப்பிட்டு வளர்கிறாள். அமெரிக்கத் தென் மாநிலங்களின் நிறவெறி கொடூரமானது. மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற கூட்டங்கள் அங்கே உண்டு. ஆனால் கறுப்புக் கை சமைத்த சோறு அங்கே தீட்டாகவில்லை. நம்முடைய சாதி சோற்றுப் பானைக்குள்ளேயே குந்தியிருக்கிறது. 2018 ஜூலையில் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் சமூகத்துப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர் சிலர் தகராறு செய்தார்கள். அவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மாற்றல் ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. பெரியவர்களின் சண்டையாகவே செய்தித்தாள்கள் இதை எழுதின. தட்டை ஏந்தி வரிசையில் நின்ற பிள்ளைகள் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றி எழுத ஒரு நாவல்தான் வேண்டும்.

அடுத்தவர் செருப்பைப் போட்டு நடந்து பார் என்பது ஆங்கிலப் பேச்சு வழக்கு. அதைத் தமிழில் அப்படியே சொல்லும் மேடைப் பேச்சாளர்கள் கொங்கு மண்ணில் சற்று யோசிக்க வேண்டும். இந்த ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கிணற்றிலிருந்து நீர் இறைத்த கவலை ஏற்றத்துக்கான தோல் வேலையும் அவர்களுடையது. மோட்டார் வரும்வரை கொங்கு வேளாண்மை அந்தத் தோலில்தான் ஓடியது. தாங்கள் தைத்த செருப்பைத் தாங்களே போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. கையில் எடுத்துக்கொண்டுதான் தெருவைக் கடந்தார்கள்.

இந்த நாவலின் மேல் ஒரு வலுவான கேள்வி உண்டு. அதைத் தவிர்ப்பது நேர்மையாகாது. கூளையனின் கதையை எழுதியவர் கூளையனின் சாதியைச் சேர்ந்தவர் அல்லர். நிலமுள்ள பக்கத்தில் பிறந்தவர். ஹார்பர் லீயிடம் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்கலாம். கேட்டே ஆகவேண்டும். அருந்ததியர் வாழ்வைத் தமிழ் நாவலில் முன்பே கொண்டுவந்த பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. அது கரிசல் மண். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது தலித் பால்யம் தன் சொந்தக் குரலிலேயே பேசியது. ம. மதிவண்ணன் போன்ற அருந்ததியர் கவிஞர்கள் அதன்பின் எழுத வந்தார்கள். அந்தக் குரல்களின் இடத்தைக் ‘கூளமாதாரி’ நிரப்ப முடியாது. நிரப்புவதாக அது சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் லீ செய்யாத ஒன்றைப் பெருமாள்முருகன் செய்தார். தன் பக்கத்துப் பிள்ளையான செல்வனின் கண்ணால் கதையைச் சொல்லியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். நல்ல மனம் கொண்ட பண்ணையக்காரர் ஒருவரை, கொங்கு அட்டிகஸ் ஒருவரைப் படைத்து வாசகரை ஆறுதல்படுத்தியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. பட்டியில் படுத்தவன் பக்கத்திலேயே கடைசிவரை இருந்தார். அந்த ஒரு முடிவுக்காகவே இந்நாவல் ‘மாக்கிங்பேர்ட்’டைவிட ஒரு படி துணிச்சலானது என்று சொல்லலாம்.

மொழியும் அந்த முடிவைச் சார்ந்ததே. 1942இல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்கு வேளாளர் வீட்டுப் பேச்சை அச்சில் ஏற்றியவர் ஆர். ஷண்முகசுந்தரம். கோவையிலிருந்தே எழுதியும் பதிப்பித்தும் வாழ்ந்தவர். நிலம், பங்கு, விதவையின் வைராக்கியம் என்று அந்த நாவல் நிலமுள்ளவர்களின் உலகைப் பேசியது. ஷண்முகசுந்தரத்தை ஆழ்ந்து கற்ற பெருமாள்முருகன், அதே மொழியை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து வேலிக்கு அந்தப் பக்கம் போனார். ‘கூளமாதாரி’ வந்த அதே 2000இல்தான் அவர் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யும் வந்தது. ஒன்றையொன்று விளக்கும் நூல்கள் அவை.

கூளையனின் காடுகள் இன்றைக்கு அப்படியே இல்லை. பல இடங்களில் மனை போட்டாகிவிட்டது. பனை குறைந்துவிட்டது. ஆட்டுக்கு விட்ட பிள்ளைகளுக்குப் பதில், கோவை, திருப்பூர் நூற்பாலைகளுக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில், முடிவில் மொத்தமாகப் பணம் என்ற பேச்சில், பதின்வயதுப் பெண்கள் வந்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலமாகப் பெயர் சூட்டினார்கள். பெயர் வைப்பதில் நமக்கு எப்போதுமே சாமர்த்தியம் உண்டு. அருந்ததியருக்குப் பட்டியல் சாதியினர் ஒதுக்கீட்டுக்குள் மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கூளையனின் பேரப்பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் படிக்க இந்தக் கதவு திறந்திருக்கிறது. அதே கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து அருந்ததியர் குடியிருப்பின் மேல் விழுந்தது. பதினேழு பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. தங்களைப் பிரிக்கவே அந்தச் சுவர் அவ்வளவு உயரமாக எழுந்தது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். கதவும் சுவரும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன.

ஆர்.எஸ்.புரத்து வீடுகளில் கணிசமானவற்றுக்கு வேர் எங்கோ ஒரு தோட்டத்தில் இருக்கிறது. அப்பா காலத்தில், தாத்தா காலத்தில் காட்டை விட்டு வந்தவர்கள். வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ‘மாக்கிங்பேர்ட்’ படித்திருக்கக்கூடும். நல்லது. அதன் பக்கத்தில் ‘கூளமாதாரி’யையும் வாங்கி வையுங்கள். வட்டாரச் சொல் புரியாத இடங்களில் தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு எல்லாச் சொல்லும் தெரியும். படித்து முடித்த பிறகு அவரிடம் இன்னும் ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்லுங்கள்: நம் தோட்டத்தில் ஆடு மேய்த்த பையனுக்கு அவன் அம்மா வைத்த பெயர் என்ன?